ரெண்டு ஃபேன் மாட்டியும் ஆர்சி கார் மோட்டார் ஏன் கொதிக்குது?

ரிமோட் கார் ரேஸ்ல புதுசா இறங்குறவங்க எல்லாருக்கும் வர்ற குழப்பம் இது. அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு காரைத் தூக்கிப் பார்த்தா மோட்டார் மேல விரல் வைக்க முடியல, உடனே ஒரு ஃபேன் வாங்கி மாட்டுறாங்க, அதுக்கும் அடங்கலன்னா இன்னொரு ஃபேன், அப்புறம் ஒரு ஹீட் சிங்க் (சூட்டை வாங்கி வெளிய விடுற உலோகத் துண்டு), இப்படியே மோட்டார் விலையில பாதி இதுக்கே போயிடுது. ஆனா அதே டிராக்ல அதே மோட்டாரை வச்சு இன்னொருத்தர் ஒத்த ஃபேனோட ஓட்டிட்டு ஜம்முனு எடுத்துட்டுப் போறாரு.

ஃபேன் செய்யுறது உருவான சூட்டை வெளிய தள்ளுறது மட்டும்தான். சூடு உருவாகுறது கியர்ல, டைமிங்ல, சுத்தவிடாம எங்கயோ புடிச்சுக்கிட்டு இருக்குற ஒரு பேரிங்ல. அங்க கை வைக்காம ஃபேனை மட்டும் பெருசாக்கிட்டே போனா எதனால ஜெயிக்க முடியாதுங்குறதை கொஞ்சம் கணக்கோட பார்ப்போம். கீழ சொல்றதெல்லாம் 1:10 சைஸ் (நிஜக் காருல பத்துல ஒரு பங்கு) எலக்ட்ரிக் கார், அதுல வர்ற 540 சைஸ் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார், ரெண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, இதை மனசுல வச்சு சொல்றது. பிரஷ் மோட்டாருக்கு எங்க மாறுதோ அங்க தனியா சொல்றேன்.

சூடு எங்க இருந்து வருது

மோட்டாருக்குள்ள போற பவர் முழுசும் சக்கரத்துக்குப் போறதில்ல. ஒரு பங்கு சூடா மாறிடும், அது மூணு வழியில நடக்குது.

1. செம்புக் கம்பி. வைண்டிங்ல (மோட்டாருக்குள்ள சுத்தியிருக்குற கம்பிச் சுருள்) கரண்ட் ஓடும்போது கம்பியோட ரெசிஸ்டன்ஸால சூடு வருது. இதுல முக்கியமான விஷயம், சூடு கரண்டோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். உதாரணத்துக்கு மோட்டாரோட ரெசிஸ்டன்ஸ் 0.02 ஓம்னு வச்சுக்குவோம். 20 ஆம்ப் ஓடினா 8 வாட் சூடு. 40 ஆம்ப் ஓடினா 16 இல்ல, 32 வாட். கரண்ட் டபுள், சூடு நாலு மடங்கு. இந்தக் கட்டுரையில ஒரே ஒரு கணக்கு ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கங்க, மத்த எல்லாமே இதுல இருந்துதான் வருது.

2. இரும்பு. வைண்டிங் சுத்தியிருக்குற ஸ்டேட்டர் மெல்லிசு மெல்லிசான இரும்புத் தகடுகளை அடுக்கி செஞ்சது. ரோட்டர்ல (நடுவுல சுத்துற பாகம்) இருக்குற காந்தம் சுத்தும்போது அந்த இரும்புல காந்தப்புலம் மாறி மாறி அடிக்குது, அதுலயே சின்ன சின்ன சுழல் கரண்ட் உண்டாகி சூடாகும். இது ஆர்பிஎம் ஏற ஏற வேகமா ஏறும், லோடே இல்லாம மோட்டாரைச் சும்மா சுத்தவிட்டாலும் இருக்கும்.

3. உராய்வு. பேரிங், காத்து, பிரஷ் மோட்டாரா இருந்தா கார்பன் பிரஷ் கம்யூட்டேட்டர்ல (ஷாஃப்டோட சுத்துற செம்பு வளையம்) உரசுறது. நல்ல நிலையில இருக்குற பிரஷ்லெஸ் மோட்டார்ல இது சின்ன பங்குதான்.

இப்ப இன்னொரு கணக்கு. ஒரு 540 பிரஷ்லெஸ் மோட்டார் சுமார் 160 கிராம் இருக்கும்னு வைங்க. இரும்பு, செம்பு, அலுமினியம் கலந்த அந்த எடையை 1 டிகிரி சூடாக்க தோராயமா 80 ஜூல் வேணும். சராசரியா 25 வாட் சூடு உள்ள உருவாகிட்டே இருந்தா 5 நிமிஷத்துல 7,500 ஜூல். ஒரு துளி கூட வெளிய போகலன்னா மோட்டார் 90 டிகிரிக்கு மேல ஏறும், அதாவது 35 டிகிரி வெயில்ல ஆரம்பிச்சா 125 தாண்டிடும். டூரிங் கார் ரேஸ் 5 நிமிஷம், 1:12 கார் ரேஸ் 8 நிமிஷம்னு இருக்குறதால மோட்டாரோட எடையே ஓரளவு சூட்டை வாங்கி வச்சுக்கிட்டு ரேஸை முடிச்சுக் குடுத்துடுது. வீட்டுப் பக்கத்து கிரவுண்டுல ஒரு பேட்டரி காலியாகுற வரைக்கும் இருபது நிமிஷம் ஓட்டுறவங்களுக்கு அந்தச் சலுகை இல்ல, அவங்க மோட்டார் உருவாகுற சூடும் வெளிய போற சூடும் சமமாகுற இடம் வரைக்கும் போய்த்தான் நிக்கும்.

எவ்வளவு வரைக்கும் தாங்கும்

முதல்ல அடி வாங்குறது காந்தம்தான். ரோட்டர்ல இருக்குறது நியோடிமியம் காந்தம். இதுல சாதா கிரேடு சுமார் 80 டிகிரி வரைக்கும்தான் பத்திரம், எம் கிரேடு 100, எச் 120, எஸ்எச் 150, யுஎச் 180 டிகிரின்னு போகும். ரேஸ் மோட்டார்ல பெரும்பாலும் நல்ல கிரேடு போடுவாங்க, ஆனா விலை குறைஞ்ச மோட்டார்ல எது போட்டிருக்காங்கன்னு பெட்டியில எழுதியிருக்காது. வரம்பு தாண்டிப் போன காந்தம் ஆறின பிறகும் பழைய பலத்துக்கு வராது.

வைண்டிங் கம்பி மேல இருக்குற எனாமல் பூச்சு இன்னும் கொஞ்சம் தாங்கும், கிளாஸைப் பொறுத்து 155, 180, 200 டிகிரி. அது கருகினா கம்பிக்குக் கம்பி ஷார்ட் ஆகி மோட்டாரோட சேர்ந்து ஈஎஸ்சியும் (பேட்டரியில இருந்து மோட்டாருக்குப் போற கரண்டைக் கட்டுப்படுத்துற பெட்டி) போகலாம். பேரிங் கிரீஸ் வத்துறது, சென்சார் போர்டு போறது எல்லாம் இதுக்கு நடுவுல வரும்.

வரம்புக்குள்ள இருந்தாலும் சூடு தனக்குத்தானே சூட்டைக் கூட்டிக்கும், நிறைய பேர் கவனிக்காத விஷயம் இதுதான். செம்போட ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும், 75 டிகிரி ஏறினா கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடிடும். காந்தம் ஒரு டிகிரிக்கு சுமார் 0.12 சதவீதம் பலம் இழக்கும் (இது தற்காலிகம், ஆறினா திரும்பிடும்), 75 டிகிரிக்கு 9 சதவீதம். காந்தம் பலம் குறைஞ்சா அதே டார்க் (சுத்தித் தள்ளுற விசை) குடுக்க 10 சதவீதம் அதிக கரண்ட் இழுக்கணும், வர்க்கம் எடுத்தா 21 சதவீதம் அதிக சூடு, அதோட அந்த 30 சதவீத ரெசிஸ்டன்ஸையும் பெருக்கினா குளிர்ந்த மோட்டார் செய்யுற அதே வேலைக்கு சூடான மோட்டார் ஒன்றரை மடங்குக்கு மேல செம்புச் சூட்டை உருவாக்குது. நாலாவது நிமிஷம் வரைக்கும் ஒழுங்கா இருந்த கார் கடைசி நிமிஷத்துல திடீர்னு மந்தமாகி மோட்டார் எகிறுறதுக்கு இதுதான் காரணம்.

அதனால வெளிய அளக்குற சூடு 70லருந்து 80 டிகிரிக்குள்ள இருந்தா நிம்மதி, 90 தொட்டா கியரை மாத்தணும், 100ன்னா ஓட்டுறதை நிறுத்தணும். உள்ள வைண்டிங் வெளிய இருக்குற கேனை (மோட்டாரோட உலோகக் கூடு) விட எப்பவுமே சூடா இருக்கும், ஹெவியா ஓட்டினா இருபது டிகிரிக்கு மேலயே வித்தியாசம் வரலாம்.

அளக்குறதுலயே நடக்குற தப்பு

விரல் வச்சுப் பார்க்குறது அளவே இல்ல. 60 டிகிரி உலோகத்துலயே யாரும் விரலை வச்சுக்கிட்டு இருக்க மாட்டாங்க, அதுக்கு மேல 65ஆ 95ஆன்னு விரலுக்குத் தெரியாது. ஒரு டெம்பரேச்சர் கன் வாங்கிக்கங்க, விலை அதிகமில்ல. ஆனா அதுலயும் ரெண்டு சிக்கல் இருக்கு.

முதல் சிக்கல் பளபளப்பு. அந்த கன் உலோகத்துல இருந்து வர்ற இன்ஃப்ரா ரெட் கதிரைத்தான் படிக்குது. பளிச்சுனு பாலிஷ் போட்ட அலுமினியமும் டமியாவோட (ஜப்பான் ஆர்சி கார் கம்பெனி) சில்வர் கேன் மோட்டார் மாதிரி பளபளக்குற தகடும் ரொம்ப குறைவாத்தான் கதிர் விடும், அதனால 85 டிகிரி மோட்டாரை கன் 50ன்னு காட்டிட்டுப் போயிடும். கருப்பு இன்சுலேஷன் டேப்ல ஒரு சின்ன துண்டை மோட்டார் பின்பக்கமா ஒட்டி எப்பவும் அது மேலயே அளந்தா இந்தக் கதை முடிஞ்சுது.

ரெண்டாவது தூரம். கன்னுல 12:1ன்னு போட்டிருந்தா 36 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கும்போது அது 3 சென்டிமீட்டர் வட்டத்தோட சராசரியைக் காட்டுது. மோட்டாரே 36 மில்லிமீட்டர்தான், நீங்க ஒட்டின டேப் ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது. பத்து சென்டிமீட்டருக்குள்ள கொண்டுபோய் அளங்க.

கார் நின்ன உடனே ஒரு தடவை, ஒன்னு ரெண்டு நிமிஷம் கழிச்சு ஒரு தடவை பாருங்க. ஓடும்போது அடிச்ச காத்து நின்னுடும், உள்ள வைண்டிங்ல இருக்குற சூடு மெதுவா கேனுக்கு வரும், அதனால நின்ன பிறகு ரீடிங் ஏறும். ஏறுறது ரொம்ப அதிகமா இருந்தா உள்ள இருந்த நிலைமை வெளிய காட்டினதை விட மோசம்னு அர்த்தம். மோட்டாருக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவுல போற சென்சார் ஒயர்ல இருக்குற ஆறு கம்பியில ஒன்னு மோட்டார் டெம்பரேச்சருக்குத்தான், அதை வச்சுத்தான் ஈஎஸ்சி சூடானா கட் பண்ணுது, ஆனா அந்த சென்சார் பின் மூடியில இருக்குற போர்டுல உக்காந்திருக்கு, வைண்டிங் மேல இல்ல, அதனால அது கொஞ்சம் லேட்டாத்தான் முழிச்சுக்கும்.

கியர்: பிரச்சனையில பெரும்பங்கு இங்கதான்

மோட்டார் ஷாஃப்ட்ல இருக்குற சின்ன பல்சக்கரம் பினியன். அது சுத்த வைக்குற பெருசு ஸ்பர். ஸ்பர் பல்லை பினியன் பல்லால வகுத்து, காருக்குள்ளயே இருக்குற நிரந்தர ரேஷியோவால பெருக்கினா மொத்த ரேஷியோ வரும், ரேஸ்காரங்க எஃப்டிஆர்னு சொல்றது இதைத்தான். சக்கரம் ஒரு சுத்து சுத்த மோட்டார் எத்தனை சுத்து சுத்தணும்னு இது சொல்லுது.

டமியா டிடி-02 எடுத்துக்குவோம், உலகம் முழுக்க புதுசா வர்றவங்க ஓட்டுற வண்டி. அதுல ஸ்பர் 70, பினியன் 22, உள் ரேஷியோ 2.6. 70ஐ 22ஆல வகுத்து 2.6ஆல பெருக்கினா 8.27. டாப் ஸ்பீடு வேணும்னு 25 பல் பினியன் போட்டா 7.28 ஆகும். மூணு பல்தானேன்னு தோணும். ஆனா அதே பிக்அப் குடுக்க மோட்டார் இப்ப 25/22 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 14 சதவீதம் அதிக டார்க் போடணும், டார்க் கூடினா கரண்ட் அதே அளவு கூடும், வர்க்கம் எடுத்தா சூடு 29 சதவீதம் அதிகம். டாப் கியர்ல பைக்கை மேட்டுல ஏத்துற மாதிரிதான், இன்ஜின் உறுமுற சத்தம் குறையும், உள்ள கஷ்டம் கூடும்.

எப்படி சரியான பினியனைப் பிடிக்குறது?

1. மோட்டார் பெட்டியிலயோ கார் மேனுவல்லயோ சொன்ன ரேஷியோவை விட ரெண்டு மூணு பல் சின்ன பினியன்ல ஆரம்பிங்க.
2. ரெண்டு நிமிஷம் ரேஸ் வேகத்துல ஓட்டி அளங்க. முழு ஓட்டம் வேணாம், ரெண்டு நிமிஷத்துலயே 70 தாண்டிட்டா மிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கலாம்.
3. சூடு கம்மியா இருந்தா ஒரு பல் ஏத்துங்க, மறுபடி அளங்க. ஒரு நேரத்துல ஒரு பல், கூடவே டைமிங்கையும் டயரையும் மாத்தாதீங்க, அப்புறம் எது காரணம்னு தெரியாது.
4. லேப் டைம் குறையாம சூடு மட்டும் ஏற ஆரம்பிக்குற இடம் ஒன்னு வரும். அதுக்கு ஒரு பல் முன்னாடி நிப்பாட்டுங்க.

சின்ன பினியன் போட்டா எப்பவுமே குளிர்ச்சின்னும் சொல்ல முடியாது. ரொம்ப சின்னதா போட்டா நேர் ரோட்டுல பாதியிலயே மோட்டார் முழு ஆர்பிஎம் தொட்டு மிச்ச தூரம் அங்கயே கத்திட்டு ஓடும், அப்ப முன்னாடி சொன்ன இரும்புச் சூடு ஏறும். டைமிங் அதிகமா வச்ச மோட்டார்ல இது நல்லாவே தெரியும். ஆனா நூத்துக்குத் தொண்ணூறு கேஸ்ல தப்பு பெரிய பினியன் பக்கம்தான் இருக்கும், ஏன்னா எல்லாருக்கும் ஸ்பீடு மேலதான் ஆசை.

டயரும் ஒரு கியர்தான்னு நிறைய பேர் மறந்துடுறாங்க. 63 மில்லிமீட்டர் டயரை எடுத்துட்டு 66 மில்லிமீட்டர் டயர் போட்டா கிட்டத்தட்ட 5 சதவீதம் கியர் ஏத்தின கணக்கு, மொத்த எஃப்டிஆர் மாறாம இருந்தாலும். மான்ஸ்டர் டிரக்ல அழகுக்காக பெரிய டயர் மாத்திட்டு மோட்டார் கருகிடுச்சுன்னு வர்ற புலம்பலுக்கெல்லாம் காரணம் இதுதான். ஃபோம் டயர் ஓட்டுற 1:12 ஆளுங்களுக்கு இது தலைகீழ், டயர் தேயத் தேய கியர் இறக்கின கணக்காவே போகும், அதனாலதான் அவங்க மோட்டாரோட ஒரு சுத்துக்கு கார் எத்தனை மில்லிமீட்டர் நகருதுன்னு ரோல்அவுட் கணக்கு போடுறாங்க.

டைமிங்

மோட்டார் பின் மூடியைத் திருப்பினா டிகிரி மார்க் இருக்கும். வைண்டிங்குக்கு கரண்ட் போற நேரத்தை கொஞ்சம் முன்னாடி தள்ளுறதுதான் டைமிங். ஏத்தினா ஆர்பிஎம் கூடும், ஒரு ஆம்ப்புக்குக் கிடைக்குற டார்க் குறையும், சூடு கூடும். ஏத்தும்போது பினியனையும் சின்னதாக்கணும், இதுதான் விதி. ரெண்டையும் சேர்த்து ஏத்துறவங்க மோட்டார்தான் புகை விடும்.

ஈஎஸ்சிக்குள்ள பூஸ்ட், டர்போன்னு இன்னும் ரெண்டு இருக்கு. ரெண்டுமே சாஃப்ட்வேர்ல டைமிங்கை ஏத்துறதுதான், பூஸ்ட் ஆர்பிஎம் ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமா, டர்போ முழு திராட்டில்ல கடைசியா ஒரு தள்ளு. இது மூடியில வச்ச டிகிரியோட கூடும், அதனால மூணையும் கூட்டிப் பார்க்கணும். ஸ்டாக் கிளாஸ்ல (மோட்டார் வேகத்துக்குக் கட்டுப்பாடு வச்ச ரேஸ் பிரிவு) இதுக்கு அனுமதியே இல்ல, ஈஎஸ்சி லைட் சிமிட்டிக்கிட்டே இருந்தா ஜீரோ டைமிங்ல இருக்குன்னு டெக் டேபிள்ல (ரேஸுக்கு முன்ன காரைச் சோதிக்குற மேசை) பார்த்துக்குவாங்க, பிளிங்கி கிளாஸ்னு பேர் வந்தது அதனாலதான். புதுசா ஓட்டுறவங்க கிளாஸ் எதுவா இருந்தாலும் பூஸ்ட், டர்போ ரெண்டையும் ஜீரோவுல வச்சுட்டு கியரை சரி பண்ணிட்டு அப்புறம் அந்தப் பக்கம் போறது நல்லது.

புடிச்சுக்கிட்டு இருக்குற இடங்கள்

காசே செலவில்லாம சூடு குறையுற இடம் இது. மோட்டாரைக் கழட்டிட்டு காரைக் கையில பிடிச்சு சக்கரத்தைச் சுத்திவிடுங்க. சுத்து தானா ஓடி மெதுவா நிக்கணும். டக்குனு நின்னாலோ ஒரு இடத்துல மட்டும் கனமா இருந்தாலோ எங்கயோ புடிக்குது.

கியர் மெஷ்ஷைத்தான் முதல்ல பாருங்க. பினியனும் ஸ்பரும் ரொம்ப நெருக்கமா கடிச்சுக்கிட்டா உராய்வு, ரொம்ப தள்ளியிருந்தா பல் போகும். நோட்டுப் பேப்பர்ல விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழிச்சு ரெண்டு கியருக்கும் நடுவுல விட்டு, மோட்டாரை ஸ்பர் பக்கம் அழுத்திப் பிடிச்சு ஸ்குரூவை டைட் பண்ணிட்டு, ஸ்பரைத் திருப்பிப் பேப்பரை வெளிய எடுங்க. பேப்பர்ல ஏணிப்படி மாதிரி மடிப்பு விழுந்திருக்கணும், கிழிஞ்சிருக்கக் கூடாது. அப்புறம் ஸ்பரை ஒரு முழு சுத்து சுத்தி எந்த இடத்துலயாவது இறுகுதான்னு பாருங்க, பிளாஸ்டிக் ஸ்பர் எல்லாம் சரியான வட்டமா இருக்கும்னு நம்ப முடியாது, இறுகுற இடத்துலதான் மெஷ் செட் பண்ணணும். டிடி-02 மாதிரி மோட்டார் ஓட்டை நிரந்தரமா இருக்குற வண்டியில இந்த வேலை இல்ல, பினியனுக்கு ஏத்த சரியான ஓட்டையில மாட்டினாலே போதும்.

பேரிங் அடுத்தது. கிட்டோட பிளாஸ்டிக் புஷ் (பேரிங்குக்குப் பதிலா வர்ற வெறும் வளையம்) வந்திருந்தா பால் பேரிங் மாத்துங்க, ஃபேனுக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய செலவு இது. மண்ணுல ஓட்டுறவங்க ஹப் பேரிங்கை அடிக்கடி பார்க்கணும். பெல்ட் வண்டியில பெல்ட் டென்ஷன். டிராக் பிரேக் (டிரிகரை விட்டதும் தானா பிடிக்குற பிரேக்) பர்சன்ட் தேவைக்கு மேல வச்சிருக்காங்களான்னு ஈஎஸ்சியில பாருங்க, பிரேக்கும் மோட்டார் வழியாத்தான் போகுது, அதுவும் வைண்டிங்ல கரண்ட்தான்.

மோட்டார் மாட்டுற எம்3 ஸ்குரூவையும் கவனிங்க. கையில கிடைச்ச நீள ஸ்குரூவைப் போட்டா அதோட முனை உள்ள போய் வைண்டிங்கை உரசும், எனாமல் போய் ஷார்ட் ஆகும், மோட்டார் எந்தக் காரணமும் இல்லாம சூடாகுற மாதிரி தெரியும். கடைசி சுத்துல திடீர்னு இறுகினா நிறுத்திட்டு சின்ன ஸ்குரூ போடுங்க.

இப்பதான் ஃபேன்

மோட்டார் கேன் 36 மில்லிமீட்டர் குறுக்களவு, 50 மில்லிமீட்டர் நீளம்னா வெளிப்பரப்பு சுமார் 77 சதுர சென்டிமீட்டர். காத்தே அடிக்காத இடத்துல, சுத்தி இருக்குற காத்தை விட 50 டிகிரி சூடா இருக்கும்போது அந்தப் பரப்புல இருந்து 4 வாட்தான் காத்துல போகும். நல்ல ஃபேன் நேரா அடிச்சா அது 15லருந்து 20 வாட் வரைக்கும் போகலாம். தோராயக் கணக்குதான், ஆனா ரெண்டு விஷயம் தெளிவாகுது. ஃபேன் நிஜமாவே பெரிய உதவி, கிட்டத்தட்ட நாலு அஞ்சு மடங்கு. ஆனா கியர் தப்பா போட்டு 40 வாட் உருவாக்குற மோட்டாரை அது ஒன்னும் பண்ண முடியாது, ரெண்டாவது ஃபேன் போட்டா முதல் ஃபேன் குடுத்த லாபம் மறுபடி கிடைக்காது, ஏன்னா சூடு வைண்டிங்ல இருந்து கேனுக்கு வர்ற வேகமே அடுத்த தடையா நிக்கும்.

மாட்டுறதுல கவனிக்க வேண்டியது:

1. 30 அல்லது 40 மில்லிமீட்டர் ஃபேன் போதும், காத்து மோட்டார் மேல அடிக்குற மாதிரி மாட்டுங்க. மோட்டாரை ஒட்டி மூடி வைக்காதீங்க, அடிச்ச காத்து வெளிய போக சில மில்லிமீட்டர் இடம் வேணும்.
2. ஃபேனோட வோல்டேஜைப் படிங்க. 5 வோல்ட் ஃபேனை நேரா ரெண்டு செல் பேட்டரியில குடுத்தா 8.4 வோல்ட் வாங்கி ஜோரா சுத்தும், கொஞ்ச நாள்ல செத்துடும், செத்தது பாடிக்குள்ள இருக்குறதால உங்களுக்குத் தெரியவும் தெரியாது.
3. ஹீட் சிங்க்கை மோட்டார் மேல சும்மா கவ்வ விட்டா நடுவுல காத்து இடைவெளி இருக்கும். மெல்லிசா தெர்மல் பேஸ்ட் தடவுங்க. காத்தே போகாத இடத்துல ஹீட் சிங்க் வெறும் எடைதான், சூடாகுறதை கொஞ்சம் தள்ளிப் போடும், அவ்வளவுதான்.
4. பிளாஸ்டிக் மோட்டார் மவுண்ட்டை அலுமினியத்துக்கு மாத்தினா சூடு அது வழியாவும் இறங்கும். டிடி-02க்கு டமியாவே அலுமினியம் மவுண்ட் விக்குது.
5. பாடியில காத்து வெளிய போற ஓட்டை வேணும். முன்னாடி ஓட்டை போட்டுட்டு பின்னாடி மூடியே வச்சா உள்ள அதே சூடான காத்தைத்தான் ஃபேன் சுத்திவிடும். பின் கண்ணாடி இடத்துல வெட்டுறது வழக்கம், ஆனா உங்க கிளப் ரூல் எவ்வளவு வெட்ட விடுதுன்னு முதல்ல கேட்டுக்கங்க.

பிரஷ் மோட்டார் கேன்ல ஓட்டைகள் இருக்கும், அது வழியா உள்ள காத்து போனா நல்லா ஆறும், ஆனா மண்ணும் அதே வழியில போகும். சில்வர் கேன் மாதிரி பிரிக்க முடியாத மோட்டார்ல பிரஷ் மாத்த முடியாது, தேஞ்சு பொறி பறக்க ஆரம்பிச்சா புது மோட்டார்தான்.

மூணு செல் போட்டா கரண்ட் குறையும்ங்குற வாதம்

வோல்டேஜ் கூடினா கரண்ட் குறையும், அதனால சூடும் குறையும்னு சொல்றவங்க பாதி உண்மையைத்தான் சொல்றாங்க. அதே பவர் எடுத்தாத்தான் அது சரி. மோட்டார், கியர் எதையும் மாத்தாம 7.4 வோல்ட்ல இருந்து 11.1க்குப் போனா ஆர்பிஎம் ஒன்றரை மடங்கு, காரும் ஒன்றரை மடங்கு வேகம் போகப் பார்க்கும், காத்துத் தடையை எதிர்க்கத் தேவையான பவர் வேகத்தை மூணு தடவை பெருக்கின அளவுல (1.5 x 1.5 x 1.5) ஏறுறதால மூணு மடங்குக்கு மேல வேணும். மூணு செல் போடணும்னா கே.வி (ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆர்பிஎம்) குறைஞ்ச மோட்டார் போடுங்க, இல்லன்னா பினியனை நல்லா இறக்குங்க.

வெயிலும் ஓட்டுற விதமும்

வெளிநாட்டு ரேஸர் செட்அப் ஷீட்டைப் பார்த்து அப்படியே கியர் போடுறதுல ஒரு ஆபத்து இருக்கு. மோட்டார் சுத்தி இருக்குற காத்தை விட இத்தனை டிகிரி மேல ஏறும்னுதான் கணக்கு. இங்கிலாந்துல 18 டிகிரி காத்துல 50 டிகிரி ஏறினா 68, அருமையான நம்பர். அதே கார் சென்னையில மே மாசம் மத்தியானம் 38 டிகிரியில 88க்கு வந்து நிக்கும், சூடு சூட்டைக் கூட்டுறதையும் சேர்த்தா 90 தாண்டும். தார் தரை அதை விடக் கொதிக்கும், கார் ஓடுறது தரையில இருந்து ஒரு விரல் உயரத்துல. வெயில் நேரத்துக்கு ஒன்னு ரெண்டு பல் இறக்கிட்டு சாயங்காலம் ஏத்திக்குறதுதான் வழி.

மெதுவா ஓட்டினா சூடாகாதுன்னு நினைக்குறதும் தப்பு. பாதி திராட்டில்ல ஈஎஸ்சி பேட்டரி வோல்டேஜை வெட்டி வெட்டிக் குடுக்குது, அப்ப பேட்டரியில இருந்து 10 ஆம்ப் போனா 30 சதவீத திராட்டில்ல மோட்டாருக்குள்ள ஓடுறது 30 ஆம்ப்புக்கு மேல இருக்கும். டெலிமெட்ரியில (ஓடும்போது கார் அனுப்புற ரீடிங்) பேட்டரி கரண்ட் குறைவா தெரியும், வைண்டிங் வெந்துக்கிட்டு இருக்கும், கார் மெதுவா போறதால காத்தும் கிடையாது. புல்லுல ஓட்டுறது, நின்னு நின்னு ஃபுல் திராட்டில் அடிக்குறது, செவத்துல முட்டிக்கிட்டு இருக்கும்போது டிரிகரை விடாம பிடிக்குறது, எல்லாம் இதே வகைதான். ஈஎஸ்சியில பஞ்ச் (கிளம்பும்போது எவ்வளவு வேகமா பவர் குடுக்கணும்ங்குற) செட்டிங்கை ரெண்டு படி இறக்கினா ஸ்டார்ட்டிங்ல வர்ற அந்தக் கரண்ட் அடி குறையும், லேப் டைம் பெரும்பாலும் மாறாது, சில டிராக்ல கார் வழுக்காம போறதால நல்லாவே வரும்.

ஓட்டி முடிச்ச பிறகு

பாடியைக் கழட்டி வெளி ஃபேன் முன்னாடி வைங்க. தண்ணி ஊத்தாதீங்க, ஃப்ரீசர்லயும் வைக்காதீங்க, திடீர்னு குளிர்ந்தா காந்தத்துல விரிசல் விடலாம், பேரிங் துருப்பிடிக்கும். ரெண்டாவது பேட்டரியை உடனே மாட்டாதீங்க, 60 டிகிரியில ஆரம்பிக்குற மோட்டாருக்கு 90 ரொம்ப பக்கம். கை வச்சா வெதுவெதுப்பு கூட தெரியாத அளவுக்கு ஆறணும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பினியன், டைமிங், காத்து டெம்பரேச்சர், மோட்டார் டெம்பரேச்சர் நாலையும் போன்ல குறிச்சு வைங்க. அதே கியர், அதே வெயில், ஆனா சூடு மட்டும் 10 டிகிரி கூடியிருக்குன்னா முதல்ல டிரான்ஸ்மிஷன் புடிக்குதான்னு பாருங்க. அது சரியா இருந்தா மோட்டாரைக் கழட்டி லோடு இல்லாம சுத்தவிட்டு ஆம்ப் பாருங்க, புதுசுல எடுத்ததை விட ஆம்ப்பும் ஆர்பிஎம்மும் ரெண்டுமே ஏறியிருந்தா ரோட்டர் காந்தம் பலம் போயிடுச்சு. வைண்டிங் கருகாம இருந்தா மோட்டாரைத் தூக்கிப் போட வேணாம், ரோட்டரை மட்டும் மாத்திட்டு மறுபடி சின்ன பினியன்ல இருந்து ஆரம்பிங்க.